மாமியின் நெஞ்சுவலியும் ஒரு நீர்வீழ்ச்சியும்

மொன்றியலில் எனக்கு ஒரே ஒரு நண்பன்தான் இருந்தான் என்று எழுதினால் மிச்சப் பேர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். அவர்கள் எல்லாரும் பிறந்தநாள் விழாக்களில் என் மேசையில் கொண்டுவந்து இருத்தப்பட்டவர்கள். இவன் ஒருத்தனைத்தான் நானாகத் தேடிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், அவனிடம் கார் இருந்தது, என்னிடம் இல்லை. இதைவிட மோசமான காரணங்களுக்காகவும் மனிதர்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்; கலியாணங்களை நினைத்துப் பாருங்கள்.

இரண்டு பேரும் செயின்ட்-மிஷேலில் அடுத்தடுத்த தெரு. இரண்டு பேருக்கும் வேலை புவாண்ட்-கிளேரில், ஷவர்களும் தண்ணீர்க் குழாய்களும் அனுப்புகிற ஒரு கிடங்கில். அவன் கீழே சரக்குப் பகுதிக்குப் பொறுப்பு. நான் மேலே கணினிக்கு முன்னால் இருந்து, எந்தப் பெட்டி எங்கே தொலைந்தது என்று கடைக்காரர்களுக்கு மரியாதையாக விளங்கப்படுத்துகிறவன். காலையில் நெடுஞ்சாலை நாற்பதில் ஏறினால் கார் ஓடாது, ஊரும். பின்னேரமும் அப்படித்தான். ஊருகிற அந்த நேரம் முழுக்க நாங்கள் இலங்கையின் நீர்வீழ்ச்சிகளைப் பற்றிக் கதைப்போம்.

இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். நாங்கள் யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே ஆறும் இல்லை, மலையும் இல்லை. நான் வளர்ந்த இடத்தில் ஆக உயரமான பொருள் தண்ணீர்த் தாங்கி. அதற்குள்ளும் தண்ணீர் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. தீவின் நடுவில் மலைகள் இருக்கின்றன, அங்கே நாட்டிலேயே உயரமான நீர்வீழ்ச்சி பம்பரகந்த இருக்கிறது என்பதைப் புவியியல் பாடத்தில் மனப்பாடம் செய்தோம். போய்ப் பார்க்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சண்டை, பாதை பூட்டு. பாதை திறந்தபோது நாங்கள் கனடாவில் ஸ்னோ வழித்துக்கொண்டிருந்தோம். ஆகவே என் சொந்த நாட்டு நீர்வீழ்ச்சியை, ஒட்டகச்சிவிங்கியை அறிந்ததுபோல, படத்தில்தான் அறிவேன்.

அதற்காகப் பெருமை பேசாமல் இருந்தோம் என்றில்லை. ஒரு கோடையில் எங்கள் சனம் பஸ் பிடித்து, சட்டி சட்டியாகச் சோறும் கோழிக்கறியும் கட்டிக்கொண்டு, கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மொன்மொரன்சி நீர்வீழ்ச்சி பார்க்கப் போனது. நாங்களும் போனோம். கிடங்கில் எங்களோடு வேலை செய்கிற கியூபெக்காரர் ஒருவரும், கோழிக்கறியை உத்தேசித்து, கூட வந்தார். அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நெஞ்சுக்குள் இடித்தது. நண்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பரவாயில்லை. எங்கடையோட பார்த்தால் இது பைப் வெடிச்ச மாதிரி," என்றான்.

"ஓம், பைப்தான்," என்றேன்.

கியூபெக்காரர் என்னவென்று கேட்க, நான் பிரெஞ்சில் பெயர்த்துச் சொன்னேன். "அப்படியா? நீங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் திடீரென்று மொன்மொரன்சியை மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் என் தொடையில் தட்டிச் சொன்னான்: "மச்சான், வெக்கக்கேடு. போவம். ஆனால் போறதெண்டால் நீயும் நானும்தான். முதல்தரம் பார்க்கேக்கை ரெண்டு பேரும் பக்கத்திலை நிக்கவேணும்."

அதிலிருந்து எத்தனையோ குளிர்காலங்களை நாங்கள் அந்தக் காருக்குள் பயணத் திட்டம் போட்டே கழித்தோம். கொழும்பிலிருந்து எந்த வழி, எங்கே வான் மாறுவது, அப்பம் எங்கே சாப்பிடுவது. மழை முடிந்த கையோடு ஜனவரியில் போகவேண்டும் என்பது அவன் கட்சி. தண்ணீர் நிறைய விழும். மழை முடிந்தால் இரத்தம் குடிக்கிற அட்டை இருக்கும் என்பது என் கட்சி. அட்டை விஷயத்தில் நான் அதிகம் வாசித்துவிட்டேன். வாசிக்கிறவன் என்ற கெட்ட பெயர் எனக்கு ஏற்கனவே உண்டு. அட்டைக்கு மூன்று தாடை, கடித்த இடத்தில் மூன்று கீறல் நடுவில் கூடுகிற ஒரு சின்ன அடையாளம் விடும், கிழமைக்கணக்காகச் சொறியும் என்றெல்லாம் சொல்வேன். "காலமை வெள்ளன உன்ர அட்டையைத் தூக்கிக்கொண்டு வராதை," என்பான். அதைத் தடுக்க அவன் உப்பு என்பான். நான் சொக்ஸில் சவர்க்காரம் பூசவேண்டும் என்பேன். ஒருமுறை இந்த வாக்குவாதத்தில் இறங்கவேண்டிய இடத்தை விட்டு இரண்டு வெளியேறும் பாதை தாண்டிப் போய்விட்டோம்.

நீர்வீழ்ச்சி பகிரங்கமான திட்டம். அதற்குப் பின்னால் ஒரு அந்தரங்கத் திட்டமும் இருந்தது: மீமுரே. மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, அதற்குள் ஒரு சின்னக் கிராமம். இறங்கிப் போகிற பாதை கல்லும் குழியும், போன் பிடிக்காது. இந்தக் கடைசிக் குணம் எங்களை மிகவும் கவர்ந்தது. ஒரு இரவு யாராலும் அழைக்கமுடியாத இடத்தில் படுப்பது. இதைப் பற்றிக் கதைக்கும்போது, காருக்குள் வேறு ஒருவரும் இல்லாவிட்டாலும், இருவரும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம்.

ஒவ்வொரு வருசமும் ஏதோ ஒன்று வந்தது. அவன் வீடு வாங்கினான். என் மகளுக்குப் பல்லுக்குக் கம்பி போட்டோம். எல்லாரையும் வீட்டுக்குள் பூட்டிய அந்த நோய்க்காலம் வந்து போனது. "பேந்து பார்ப்பம்" என்போம். எனக்கு அவசரம் இல்லை. இப்போது யோசித்தால், போவதைவிட அந்தக் கதை எனக்குப் போதுமாக இருந்தது. அவனுக்கும் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மார்கழி முடிவில் ஒரு நாள், காரை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மச்சான், மாமிக்கு நெஞ்சுவலி. குடும்பமா ரொறன்ரோ போறம். ரெண்டு மூண்டு கிழமை ஆகும் போல."

மாமி, அவன் மனைவியின் தாய், ரொறன்ரோவில் இருந்தா. நான் அவன் தோளைப் பிடித்தேன். "ஒண்டுக்கும் யோசியாதை. மாமி நல்ல உறுதியான மனுசி."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். துக்கம் என்று விளங்கிக்கொண்டேன்.

அடுத்த கிழமைகள் மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர். நான் மெட்ரோ மாறி, கோட்-வெர்டு ஸ்டேசனில் பஸ்ஸுக்கு நின்று, வேலைக்குப் போனேன். அந்த பஸ் தரிப்பில் காற்று நாலு பக்கத்தாலும் வரும். அங்கே நின்றுகொண்டுதான் தினமும் அவனுக்கு ஒரு மெசேஜ் போடுவேன்: "மாமிக்கு எப்படி?" விரல் விறைத்துவிடும். பதில் நேரங்கெட்ட நேரத்தில் வரும்: "பரவாயில்லை." ஆஸ்பத்திரியில் கண்விழிக்கிறான் பாவம் என்று மனைவியிடம் சொன்னேன். ஒருமுறை "சாப்பிடுறாவோ?" என்று கேட்டேன். "நல்லாச் சாப்பிடுறா" என்று பதில் வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு இரண்டு நாள் பதிலே இல்லை. அழைத்தால் போன் போகவில்லை.

"முடிஞ்சுது போல," என்றேன் மனைவியிடம்.

"வாயைக் கழுவுங்கோ," என்றா அவ. ஆனால் அவவும் ரொறன்ரோ பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்தா. நான் செத்தவீட்டுக்குப் போடுகிற கறுத்தக் காற்சட்டையை எடுத்து, இடுப்பு இன்னும் பூட்டுப்படுகிறதா என்று போட்டுப் பார்த்தேன். வெள்ளைச் சேட்டுக்கு அயன் பிடித்தேன். அன்று பின்னேரம் வேலை முடிய நேரே கோட்-டெ-நெய்ஜ் போய், மலையில் இருக்கிற சூசையப்பர் கோயிலின் படிகளில் ஏறினேன். நான் சைவக்காரன். ஆனால் இதய வருத்தங்களுக்கு அவர் கைகண்டவர் என்று எங்கள் வேதக்காரச் சிநேகிதர்கள் சொல்வார்கள். இப்படியான நேரத்தில் சமயம் பார்க்கிறதில்லை. பனி இறுகிய படி, ஒரு பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடு வழியில் நின்று மூச்சு வாங்கி, மேலே போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். நடுத்தர அளவு. அவனுடைய மாமியை நான் வாழ்நாளில் ஐந்தாறு தரம்தான் கண்டிருப்பேன். ஆனாலும் கண் கலங்கியது.

அடுத்த நாள் மெசேஜ் வந்தது: "எல்லாம் ஓகே. வாறம்." சூசையப்பருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அவன் வந்தான். திங்கட்கிழமை காலை வழக்கம்போல வாசலில் கார் நின்றது. முகம் கறுத்து மினுங்கியது. கவலை மனிதரைக் கறுக்க வைக்கும் என்று நான் எங்கேயோ வாசித்திருந்தேன்; வாசிப்பின் தீமைகளில் அதுவும் ஒன்று.

"மாமி?" என்றேன்.

"இருக்கிறா," என்றான்.

நெடுஞ்சாலையில் வழக்கமான இடத்தில் கார் நின்றது. முன்னால் பனி அள்ளுகிற லொறி. அவன் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, மற்றக் காலின் காற்சட்டையை மேலே இழுத்து, பூட்ஸுக்கு மேலே கெண்டைக்காலைச் சொறிந்தான். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் சொறிந்தான். நான் குனிந்து பார்த்தேன். சின்ன அடையாளம். மூன்று கீறல், நடுவில் கூடியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. வெளியே எந்தப் பூச்சியும் உயிரோடு இருக்கமுடியாத குளிர்.

"ரொறன்ரோவிலை அட்டையோடா?" என்றேன்.

அவன் காற்சட்டையைக் கீழே விட்டான். லொறியின் மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடிக்க, காரைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, "மச்சான், கோவிக்காதை," என்றான்.

"எங்கை போனனி?"

"ஊருக்கு."

"பம்பரகந்தவுக்கோ?"

"மனிசியின்ர தமையன் வான் பிடிச்சிட்டார், மச்சான். எல்லாரும் போவம் எண்டினம். நான் என்ன செய்யிறது?"

"அங்கை அட்டையோ?"

அவன் வைப்பரைப் போட்டான். நான் யோசித்தேன். இரண்டு நாள் போன் போகவில்லை.

"மீமுரேக்கும் போனியோ?"

"ஒரு ராத்திரிதான்ரா."

நீர்வீழ்ச்சியை மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். பள்ளத்தாக்கை முடியவில்லை. அவன் அங்கே, யாராலும் அழைக்கமுடியாத அந்த இடத்தில், நல்ல காற்று வாங்கிக்கொண்டு படுத்திருந்த நேரத்தில் நான் கறுத்தக் காற்சட்டைக்குள் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"மாமிக்கு நெஞ்சுவலி எண்டியே?"

"அவவும் வந்தவ." குரல் இன்னும் இறங்கியது. "அவதான் முதல் ஏறினவ."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. எங்கள் ஆட்களுடைய பழக்கம் உங்களுக்குத் தெரியும்: பயணம் போகிறதைப் போகுமுன் சொல்கிறதில்லை. சொன்னால் கண் பட்டுவிடும். ரிக்கற் எடுத்ததும், பெட்டி கட்டியதும், விமான நிலையம் போனதும் இரகசியம். திரும்பி வந்து மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் கொண்டுவந்து தரும்போதுதான் அயலுக்குச் சேதி. நானே அப்படிச் செய்திருக்கிறேன். ஆகவே பழக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தில் சொல்லப்படுகிற ஒரு ஆள் எப்போதும் இருப்பான். விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறவன். வீட்டுத் திறப்பு வைத்திருக்கிறவன். அது நான் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"மனிசி ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டவள்," என்றான்.

"ஒருத்தருக்கும் எண்டால்? வேலையிலை லீவு எடுத்தனிதானே?"

"மனேஜருக்குத் தெரியும்."

"பக்கத்து வீட்டுக்காரன்? உன்ர ஸ்னோவை ஆர் அள்ளினது?"

"அவருக்கும் சொன்னது."

"அப்ப ஒருத்தருக்கும் எண்டது ஆரடா?"

கார் ஒரு பாலத்துக்குக் கீழே ஊர்ந்தது. "உனக்குத்தான், மச்சான்," என்றான். "நான் அதை நம்புறேல்லை. அவள்தான். நீ வீட்டை வந்து நல்ல வீடு எண்டனி, அடுத்த மாசம் நிலவறைக்குள்ளை தண்ணி. கார் நல்லாயிருக்கு எண்டனி, லொறிக்காரன் இடிச்சவன். மாமியைப் பார்த்து இளமையா இருக்கிறியள் எண்டனி, அவ விழுந்து கையை முறிச்சவ. அவள் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கிறாள்."

நான் எதிர்த்து வாதாட வாயைத் திறந்தேன். ஆனால் எல்லாம் நடந்தவை. இன்னும் சில அவளுக்குத் தெரியாதவையும் எனக்கு ஞாபகம் வந்தன. மாமியை உறுதியான மனுசி என்றபோது அவன் பார்த்த பார்வை துக்கம் இல்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

"அடுத்த ஜனவரி நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்," என்றான் அவசரமாக. "எனக்கு இப்ப வழி எல்லாம் தெரியும். எந்தக் கல்லிலை நிண்டால் படம் வடிவா வரும் எண்டும் தெரியும்."

அதுதான் விஷயம் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? கூட்டிக்கொண்டு போவதென்றால் மாமியைக் கூட்டிக்கொண்டு போகலாம். நான் கேட்டது, ஒன்றும் தெரியாத இரண்டு பேர் ஒன்றாகப் போய் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது. அவன் வாய் ஏற்கனவே பிளந்து மூடிவிட்டது.

அன்றிலிருந்து நான் பஸ்ஸில் போனேன். மனைவி என் பக்கம் நிற்பா என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இஞ்சேருங்கோ, நீங்களும் ஆரையும் ஒரு மாதிரித்தான் பார்க்கிறனீங்கள்," என்றா. மகள் பிரெஞ்சில் ஏதோ ஆராய்ந்து, மத்தியதரைக் கடல் நாடுகளிலும் இந்த நம்பிக்கை உண்டு என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். குளியலறைக் கண்ணாடியில் என் கண்ணை நானே கொஞ்ச நேரம் பார்த்தேன். வயதுக்கு நல்ல கண் என்று நினைத்தேன். அடுத்த கிழமை கண்ணாடிக் கடைக்காரர் நம்பர் கூடிவிட்டது என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவனும், மனைவியும், மகனும். தேயிலைப் பைக்கற்றும் முறுக்கும் கொண்டுவந்தார்கள். அவன் மனைவி என் மனைவியோடு நேரே குசினிக்குள் போனாள். பிறகு வெளியே வந்து, சோபாவின் அந்தத்தில், எனக்கு ஆகத் தூரமான இடத்தில் இருந்தாள்.

"எப்பிடி அண்ணை, சுகமோ?" என்றாள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்து.

"ஓம் தங்கச்சி," என்றேன். நானும் மரியாதைக்குக் கோப்பையையே பார்த்தேன்.

நண்பன் மகனிடம், "போடடா," என்றான். பையன் போனை எங்கள் ரீவியோடு இணைத்தான். நான் வேண்டாம் என்று சொல்லுமுன் பம்பரகந்த என் வீட்டுக் கூடத்துக்குள் விழத் தொடங்கியது.

கறுத்த பாறை. அதன் உச்சியில், வானம் கிழிந்த இடம்போல ஒரு வெள்ளைக் கோடு. அது கீழே வர வர அகன்று, பாதிக்கு மேல் தண்ணீராக இல்லாமல் புகையாகி, காற்று வந்தபோது முழு நீர்வீழ்ச்சியும் ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு, அவசரம் இல்லாமல், திரும்பி வந்தது. நான் பார்த்த எந்த வீடியோவிலும் அது சாயவில்லை. கீழே ஒரு கல்லில், குடையை ஊன்றிக்கொண்டு, மாமி. கையை ஆட்டினா. முறிந்த கைதான்.

திரும்பினேன். ஒருவரும் ரீவியைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவன் மனைவி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் இருந்தாள். மாமி இன்னும் ரீவியில் கையை ஆட்டிக்கொண்டிருந்தா. நண்பன் முன்னால் சாய்ந்து, முழங்காலில் கையை வைத்து, பரீட்சை முடிவு கேட்கிறவன்போல இருந்தான்.

"சொல்லன்ரா," என்றான். "அங்கை நிண்டு ஒரு சனமும் ஒண்டும் சொல்லேல்லை. இவள் குளிர்ந்தது எண்டாள். மாமி வழுக்குது எண்டா. தமையன் எங்கை சாப்பாடு எண்டார். எனக்கு ஒருத்தரும் இல்லை, மச்சான். நீ சொல்லு."

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. எத்தனையோ வருசமாகச் சேர்த்துவைத்தது. அதை வாங்கிக்கொள்ளத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவனுடைய மனைவி, என் வாயைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"தண்ணி காணாது போல கிடக்கு," என்றேன்.

"ஓம் அண்ணை, மழை குறைவுதானே," என்றாள் அவள் உடனே. முகம் அப்படியே மலர்ந்தது. கோப்பையை வைத்துவிட்டு, வந்த நேரத்திலிருந்து முதல் தடவையாக முறுக்கில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். என்னையும் நேரே பார்த்துச் சிரித்தாள், நல்ல பிள்ளை.

"காணாதோ?" என்றான் அவன். "முதல்நாள் முழுக்க மழையடா..." நிறுத்திவிட்டான். பையன் அடுத்த வீடியோவுக்குப் போகட்டோ என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

போகும்போது மனைவியும் மகனும் முதலில் இறங்கி, காரைச் சூடாக்கப் போய்விட்டார்கள். அவன் வாசலில் குந்தி இருந்து பூட்ஸ் கட்டினான். கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டினான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளிர் உள்ளே வந்தது.

"உண்மையாவே காணாதோ?" என்று நிமிராமல் கேட்டான்.

"காணாது," என்றேன்.

தலையை ஆட்டினான். எழும்பி, கையுறையைப் போட்டான். "நாளைக்குக் காலமை வரட்டோ?"

"வேண்டாம், பஸ் இருக்கு," என்றேன்.

வெளிப்படியில் பனி இறுகிக் கிடந்தது. கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, கவனமாக இறங்கிப் போனான்.